பாற்சோற்றில் ஒரு பாதாம்

மெற்றில்டா வாதாம் மரத்தடியில் குந்தியிருந்து கொட்டை உடைப்பதைக் குசினி யன்னலால் கண்டபோதே அன்ரோனெற்றுக்கு விளங்கிவிட்டது. தங்கச்சி இன்றைக்கு எதற்கும் துணிந்துதான் வந்திருக்கிறாள்.

வளவு மூலையில் நிற்கிற அந்த நாட்டு வாதாம் மரத்துக் கொட்டைகளை வௌவாலும் சின்னப் பிள்ளைகளும் தவிர யாரும் சீண்டுவதில்லை. மெற்றில்டாவோ இரண்டு குமர்ப் பிள்ளைகளுக்குத் தாய். நத்தாருக்கென்று தைத்த புதுச் சட்டையோடு மண்ணில் குந்தி, கல்லால் தட்டி, பருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முறிந்திருந்தால் எறிந்துவிட்டு அடுத்ததைத் தட்டினாள். முழுசாக ஒன்று கிடைத்ததும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சட்டையைத் தட்டியபடி எழும்பினாள்.

தாச்சியில் கிடந்த பயற்றம் பணியாரம் கருகியதை அன்ரோனெற் மணத்தால்தான் அறிந்தாள்.

எல்லாம், நோர்வேக்காரி மனைவி சிக்ரிட்டோடு நத்தாருக்கு ஊர் வந்திருக்கிற அண்ணன் மில்ரன் போட்ட சத்தியத்தால் வந்த வினை. தாய் இந்த வருசம் தவக்காலத்தில் கண்ணை மூடினாள். அவன் அனுப்பிய நோர்வேக் காசில் எழும்பிய வீடு என்று அதை மகனின் பெயருக்கே எழுதி வைத்திருந்தாள். ஆனால் இந்தப் பேசாலை ஊரில் வீடு பெண் பிள்ளைக்கு என்பதுதான் வழக்கம். எந்தப் பெண் பிள்ளைக்கு? கலியாணம் கட்டாமல், படுக்கையில் கிடந்த தாயைப் புரட்டிக் கழுவி, அந்தச் சுவர்களுக்குள்ளேயே நாற்பதைத் தாண்டிய அன்ரோனெற்றுக்கா? இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்தெறிந்த பிறகு கரையிலேயே குந்திவிட்ட புருசனையும் இரண்டு குமரையும் வைத்திருக்கிற மெற்றில்டாவுக்கா?

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, விறாந்தையில் கட்டியிருந்த நத்தார் குடிலுக்கு முன்னால் நின்று மில்ரன் தீர்ப்புச் சொன்னான். பாலன் யேசுவை இன்னும் வைக்கவில்லை. வைக்கோல் வெறுமையாகக் கிடந்தது. அதன்மேல் கையை வைத்தான்.

“சிக்ரிட்டின்ர நாட்டில நத்தாருக்குப் பாற்சோறு காய்ச்சி அதுக்குள்ள ஒரேயொரு பாதாம் போடுறவை. ஆரின்ர வாயில அது வருகுதோ அவைக்குப் பரிசு. நாங்களும் காய்ச்சுவம். ஆரின்ர வாயில வந்தாலும் இந்த வீடு அவைக்கு. பாலன் அறிய இது சத்தியம்.”

நோர்வேயில் பரிசு என்பது பாதாமும் சீனியும் அரைத்துப் பிடித்த ஒரு பன்றிக்குட்டிப் பொம்மை. அந்தப் பன்றிக்குட்டி இங்கே வீடாக மாறியது அவன் மனைவி சிக்ரிட்டுக்கே தெரியாது. ஏதோ பெரிய பரிசு என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

தோற்றால் அக்கா எங்கே இருப்பாள் என்பதை மெற்றில்டா அன்றைக்கே யோசித்து வைத்துவிட்டாள். பின்னால் வலை போட்டு வைக்கிற கொட்டில் சும்மாதானே கிடக்கிறது, ஒரு கட்டில் பிடிக்கும் என்றாள். சமையலுக்கும் ஒரு ஆள் தேவை என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தச் சிரிப்பு அன்ரோனெற்றின் நித்திரையைக் கெடுத்தது. அதைப் பார்த்தோ என்னவோ, நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் மில்ரன் அவளைத் தனியாகப் பிடித்தான்.

“பயப்பிடாத. கோப்பையில போட்டுக் குடுக்கிறது நான்தான். பாதாம் உனக்குத்தான் வரும். அவளோட சண்டை பிடிக்க எனக்கு ஏலாது. அதுக்குத்தான் இந்தக் கூத்து. நீ வாயைத் திறந்திடாத.”

அவள் அண்ணனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நிம்மதி விடிந்து தங்கச்சியை மரத்தடியில் காணும் வரைக்கும்தான் இருந்தது. இப்போது மெற்றில்டா முன்பக்கம் போனதும் அவளும் மரத்தடிக்குப் போனாள். சும்மா பார்க்கத்தான். ஒரு கொட்டையை உடைத்தாள். பருப்பைச் சுடுதண்ணீரில் போட்டதும் தோல் கழன்று வெள்ளையாக வந்தது. நோர்வேயிலிருந்து வந்த பாதாமைவிடக் கொஞ்சம் ஒடுங்கல். வாயில் கிடந்து ஊறினால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?

வாயில் போடுவதற்கு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தங்கச்சி களவு செய்தால் பிடித்துக்கொடுக்க ஒரு சாட்சி, அவ்வளவுதான். லேஞ்சித் துணியில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

சாட்சிக்கு எதற்குத் தோல் உரிக்க வேண்டும் என்று அவள் தன்னைக் கேட்கவில்லை.

---

குசினியில் சிக்ரிட் வேர்த்து வடிந்து சிவந்துபோய்ப் பாற்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய உயரத்துக்கு அகப்பை ஒரு தேக்கரண்டி மாதிரித் தெரிந்தது. தேங்காய்ப்பால் கூடாது, பசும்பால்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அரிசியைக் களிபோலக் குழைய விட்டிருந்தாள். மேலே வெண்ணெய்த் துண்டு, சீனி, கறுவாத்தூள். உப்பு இவ்வளவுதானா என்று அன்ரோனெற் கேட்டதற்கு, உன் நாக்கு உப்புக் கடலில் பிறந்தது என்றாள். மில்ரனோடு சண்டை பிடித்துப் பழகிய தமிழ் அது. துண்டு துண்டாக வரும்.

பாதாம் கிடைத்தால் உடனே சொல்லக்கூடாது என்பதுதான் இதில் முக்கியமான சட்டமாம். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு இருக்க வேண்டும். பானை வெறுமையான பிறகுதான் காட்டலாம். அப்படியென்றால்தான் மற்றவர்கள் ஆசையில் முழுவதையும் சாப்பிடுவார்கள்.

“முதல் கோப்பை வீட்டுக்கு இல்லை,” என்றாள் சிக்ரிட். “வெளியில. மாட்டுக் கொட்டில்ல ஒரு சின்ன ஆள் இருக்கு. தாடி. சிவப்புத் தொப்பி. குடுக்கேல்லை எண்டால் கோவம். மாட்டுக்கு அடிக்கும்.”

அன்ரோனெற் சிரித்துவிட்டாள். இந்த வீட்டிலும் முதல் கோப்பை வெளியேதான் போகும் என்றாள். நத்தாருக்கு எது காய்ச்சினாலும் முதல் அகப்பை பின்வேலிக்கு அப்பால் இருக்கிற நசீறாக்காவுக்கு. பெருநாளைக்கு அவள் அவிக்கிற வட்டிலப்பத்தின் முதல் துண்டு இங்கே. தாய் காலத்திலிருந்து அப்படித்தான்.

“நசீறா தாடி இல்லை,” என்றாள் சிக்ரிட், மிகவும் கவனமாக யோசித்து.

அந்த நேரம்தான் மில்ரன் உள்ளே வந்தான். பாதாமைத் தானே போடப்போவதாகச் சொல்லிப் பெண்சாதியிடம் கையை நீட்டினான். அவள் பொதியைப் பிரித்துத் தோல் நீக்கிய பருப்பு ஒன்றைக் கொடுத்தாள். அவன் இவர்களுக்கு முதுகைக் காட்டிப் பானைமேல் குனிந்து இரண்டு தரம் கிண்டிவிட்டு, சீழ்க்கை அடித்துக்கொண்டே வெளியே போனான். சிக்ரிட் அவன் போன திசையைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தாள். பிறகு அடுக்கில் எதையோ எட்டி எடுத்து வந்து பானையில் போட்டுக் கிண்டினாள். கறுவாவாக இருக்கும் என்று அன்ரோனெற் நினைத்தாள்.

நீலப் பூப் போட்ட பீங்கான் ஒன்றைத் துடைத்து, அதில் முதல் அகப்பையை நிறைய அள்ளினாள். துணியால் மூடிக்கொண்டு பின்வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து போனாள்.

தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு புத்தளம் போன நசீறா, வளர்ந்து திரும்பி வந்தபோது சொந்த வீட்டின் அத்திவாரத்தைக்கூடக் காணவில்லை. தகரம் போட்ட ஒற்றை அறையில் இருந்து தையல் தைக்கிறாள். வேலிப் பொட்டால் வந்து குசினி வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போவாளே தவிர, இந்த வீட்டு முன்வாசலை மிதித்ததில்லை. மெற்றில்டாவுக்குப் பிடிக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

பீங்கானை வாங்கித் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தவள், அன்ரோனெற்றின் முகத்தைப் பார்த்து, என்ன தங்கச்சி, காய்ச்சலோ என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு அன்ரோனெற் ஓடி வந்தாள்.

---

குமர்ப் பிள்ளைகள் கோயிலில் பாட்டுப் பழகப் போயிருந்தார்கள். மேசையில் ஐந்து பேர்தான். வாசல் பக்கம் மில்ரனும் சிக்ரிட்டும், எதிரே மெற்றில்டாவும் புருசன் பெலிசியனும், குசினிப் பக்கத்துக் கதிரையில் அன்ரோனெற். வாடைக் காற்று யன்னல் சீலையைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றின.

மில்ரன் ஒவ்வொரு கோப்பையாகப் பரிமாறினான். அன்ரோனெற்றின் கோப்பையை வைக்கும்போது கண்ணைச் சிமிட்டினான்.

பாதாம் கிடைத்தவருக்கு அடுத்த வருசமே கலியாணம் நடக்கும் என்று பக்கத்து நாடான சுவீடனில் சொல்வார்களாம். சிக்ரிட் தெரியாத்தனமாக அதைச் சொல்லி வைத்தாள்.

“அப்ப மச்சாளுக்கு வரவேணும்,” என்றான் பெலிசியன். “ஆனால் மாப்பிள்ளையையும் பானைக்குள்ளதான் தேட வேணும்.”

“அடிப்பிடிச்சது ஏதும் கிடக்கும்,” என்றாள் மெற்றில்டா.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் பெரிய குரலில் சேர்ந்து சிரிக்கிறவன் மில்ரன். இன்றைக்கு அவன் மூக்கால் ஒரு சத்தம் மட்டும் விட்டான். சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாதவன், என்ன கேட்டாலும் ‘ம்’ என்றான். குனிந்த தலை நிமிராமல் மெதுவாகச் சாப்பிட்டான்.

அன்ரோனெற் ஒவ்வொரு கரண்டியையும் நாக்கால் துழாவினாள். சோறு. பால். சீனி. அண்ணன் வாக்குக் கொடுத்தவன், கண்ணைச் சிமிட்டினவன். அடியில் கிடக்கும். இன்னும் இரண்டு வாய். இன்னும் ஒரு வாய்.

கோப்பையின் அடி வெள்ளையாகத் தெரிந்தது. பளபளப்பாக, ஒன்றுமில்லாமல்.

அவள் நிமிர்ந்து மில்ரனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மெற்றில்டாவைப் பார்த்தாள். தங்கச்சியின் வலக் கன்னம் சின்னதாகப் புடைத்திருந்தது. கண்களில் அந்த வலைக் கொட்டில் சிரிப்பு.

எழும்பி நின்று, இவள் கள்ளி, காலையில் நான் கண்டனான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே சாட்சி கொண்டுவந்தாள். ஆனால் கை தன் பாட்டில் இடுப்புக்குப் போய் லேஞ்சியை எடுத்தது. வாயைத் துடைத்தது. துடைத்து முடிந்தபோது நாக்கின் கீழ் அந்த ஒடுங்கல் பருப்பு கிடந்தது.

மில்ரன் சைகை காட்ட, சிக்ரிட் பானையைச் சரித்து எல்லாருக்கும் காட்டினாள். வழித்துத் துடைத்த பானை.

மெற்றில்டா காத்திருக்கவில்லை. இரண்டு விரலால் பருப்பை எடுத்து மேசை விரிப்பின்மேல் வைத்தாள். குருசு அடையாளமும் போட்டுக்கொண்டாள்.

“பாலன் என்ர பிள்ளையளைப் பார்த்திட்டார்,” என்றாள்.

அன்ரோனெற் தன்னுடையதை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெலிசியன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன மச்சான், ரெண்டு வீடோ?”

மில்ரன் இரண்டு பருப்பையும் எடுத்து விரல் நுனியில் வைத்து, ஒவ்வொன்றாக நசித்தான். சுருட்டி வைத்த பாய் அவிழ்வதுபோல இரண்டும் இதழ் இதழாக விரிந்தன. இந்த வளவில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். வாதாம் மரத்துப் பருப்பு மட்டும்தான் அப்படி விரியும்.

பிறகு அவன் வாயைத் திறந்தான். கடைவாய்க்கு வெளியே, கன்னத்துக்குள்ளிருந்து தடித்த வெள்ளைப் பாதாம் ஒன்றை எடுத்து, சாறத்தில் துடைத்து, மேசை நடுவில் வைத்தான். சாப்பாடு முழுக்க அவன் ஏன் பேசவில்லை என்பது அப்போதுதான் அன்ரோனெற்றுக்கு உறைத்தது.

“பாதாமும் என்னட்டை. வீடும் என்னட்டை,” என்றான். “சத்தியம் சத்தியம்தான்.”

“எனக்குத்தான் வருமெண்டு சொன்னீங்களே அண்ணா,” என்றாள் மெற்றில்டா. “கோயிலடியில வைச்சுச் சொன்னீங்களே.”

“கிணத்தடியிலயும் சொன்னனான். உங்களில ஒருத்தி எண்டாலும் என்னை நம்பி வெறும் வாயோட இருந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் வெக்கமாய் இருந்திருக்கும். நல்ல காலம். இப்ப வெக்கப்பட வேண்டியது நீங்கள்.”

மற்றதையும் அவன் ஆறுதலாகவே சொன்னான். கொழும்பில் ஒருவருக்கு வீட்டையும் வளவையும் விலை பேசி முடித்தாகிவிட்டது. கடலுக்குக் கிட்ட வெள்ளைக்காரர் தங்குகிற விடுதி கட்டப்போகிறார்கள். தை பிறந்ததும் வீட்டுத் திறப்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். நேரே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருப்பார்கள், சுவாமியாரைக் கூட்டி வந்திருப்பார்கள். இனி ஊரிடம் போய் என்ன சொல்வார்கள்? பாலன் பெயரால் வைத்த சோற்றில் கள்ளப் பருப்புக் காட்டினோம் என்றா?

அன்ரோனெற் தன் வெறும் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“அம்மாவை ஆர் அண்ணா பார்த்தது?”

“நீதான். ஆர் இல்லையெண்டது?” மில்ரன் கறுவாத்தூளை விரலால் தொட்டு நக்கினான். “கூரையும் சோறும் தந்து பார்க்க விட்டது நான். ஊரில கலியாணம் ஆகாததுகளுக்கு அதுவும் கிடைக்காது.”

மெற்றில்டாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அக்காவின் பக்கம் திரும்பியபோது அவள் உதடு கோணியது.

“வலைக் கொட்டிலும் இல்லை இப்ப உனக்கு,” என்றாள்.

அந்த நேரத்தில்கூட அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது.

சிக்ரிட் இவ்வளவு நேரமும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. ஆனால் மேசை நடுவில் கிடந்த பாதாம் அவளுக்கு விளங்காத சங்கதி இல்லை.

“இது பானையில போகேல்லை,” என்றாள். “நீ சேட்டுப் பொக்கற்றில போட்டது. நான் பார்த்தது.”

மில்ரன் நோர்வே மொழியில் அவளை ஏதோ அதட்டினான். அவள் தமிழிலேயே தொடர்ந்தாள். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

“நீ மறந்து போச்சு எண்டு நினைச்சன். நத்தார் பாற்சோறு பாதாம் இல்லாமல் வைக்கக் கூடாது. அதால நான் வேற ஒண்டு போட்டன்.”

பெலிசியன் எழும்பிப் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். மெற்றில்டா தன் கோப்பையைக் கரண்டியால் சுரண்டினாள். பிறகு புருசனுடையதை. மில்ரன் அசையவில்லை. அவன் முகத்தில் மட்டும் ஏதோ கழன்றது.

ஐந்து கோப்பையும் வெறுமை. பானையும் வெறுமை. அன்ரோனெற்றின் கண்முன்னால் நீலப் பூப் போட்ட பீங்கான் ஒன்று வந்து நின்றது. முதல் அகப்பை. தன் கையால் அள்ளியது.

குசினிப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

நசீறா வாசல்படிக்கு வெளியே நின்றாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டிருந்தாள். பீங்கான் கழுவித் துடைத்து வந்திருந்தது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அதில் பேரீச்சம்பழம் கொஞ்சம் வைத்திருந்தாள். பேரீச்சம்பழங்களுக்கு நடுவே, வெள்ளையாக, முழுசாக, தடித்த ஒன்று கிடந்தது.

“இதென்ன தங்கச்சி, சோத்துக்குள்ள கொட்டை கிடந்திச்சு,” என்றாள் சிரித்துக்கொண்டு. “பல்லுப் போகப் பார்த்திச்சு. ஏதும் முக்கியமான சாமானோ எண்டு எறியாமல் கொண்டு வந்தனான்.”

“ஒண்டுமில்லை, எறியுங்கோ,” என்றான் மில்ரன். மிக வேகமாகச் சொன்னான்.

“எறியாதேங்கோ,” என்றான் பெலிசியன். அவன் பானையைக் கையில் பிடித்தபடியே மைத்துனனைப் பார்த்து மெல்லச் சிரிக்கத் தொடங்கியிருந்தான். “ஆரின்ர வாயில வந்தாலும் எண்டுதானே மச்சான் சத்தியம்? நானும் குடிலுக்கு முன்னால நிண்டனான்.”

மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உயிரே போனதுபோல அக்காவைப் பார்த்தாள். சத்தியத்தை நசீறாவுக்குச் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. மில்ரனும் அவளைத்தான் பார்த்தான். கிணற்றடியில் பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்திடாத.

அன்ரோனெற் எழும்பினாள். வாய்க்குள் இன்னும் வாதாம் மரத்துக் கசப்பு இருந்தது. அவள் குசினி வாசலுக்குப் போய், நீட்டிய பீங்கானை வாங்காமல், நசீறாவின் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து இறுக்கமாகப் பிடித்துவிட்டாள்.

“நசீறாக்கா, இதைக் கொண்டு சுத்திப்போய் முன்வாசலால வாங்கோ,” என்றாள். “வீட்டுக்காரர் பின்வாசலால வாறதில்லை.”